ஒன்பது நாள் சலங்கை

பூதத்தானின் வாய்க்குள் பத்துப் பேர் குடியிருந்தார்கள். ஆடு வாங்க வரும் முகம்மது மைதீன் பாய், மூக்கால் பேசும் கிராம முன்சீப், மாமியார், மாமியாருடைய அடைகோழி எல்லாரும் அதற்குள் அடக்கம். நடவு நடும் பெண்கள் இடுப்பு வலித்தால், "ஏ பூதத்தான், மைதீன் பாயக் கூப்பிடு" என்பார்கள். அவன் வரப்பில் நின்று இல்லாத தாடியைத் தடவி, "இது ஆடாம்மா? எலும்புக்குத் தோல் போத்தி விட்டிருக்கிய" என்பான். சிரித்துக்கொண்டே இன்னும் ரெண்டு பாத்தி நட்டுவிடுவார்கள்.

ஆனால் அவனுக்கு நன்றாக வந்த குரல் மச்சான் முப்பிடாதியுடையது. மனைவி வடிவம்மாளின் அண்ணன் அவர். முக்கூடலுக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் ஒயிலாட்டத்துக்கு அண்ணாவி, ஆட்டம் பழக்கும் வாத்தியார். பன்னிரண்டு பேர் கைக்குட்டை வீசி வரிசையில் ஆட, முப்பிடாதி வரிசையின் ஓரத்தில் நின்று சிங்கித் தாளம் தட்டிப் பாடுவார். பாட்டு முடிகிற இடத்தில் தொண்டைக்குள் ஒரு உருட்டு உருட்டி, "ஏ...ஹோய்!" என்பார். வரிசை மொத்தமும் வலப்பக்கம் திரும்பும். யாரும் யோசித்துத் திரும்புவதில்லை, கால் தானே திரும்பிவிடும். கல்யாண வீடுகளில் பூதத்தான் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவான். மச்சான் முறை, கேலிக்குத் தடையில்லை. முப்பிடாதியே சிரிப்பார்: "ஏலே, எங்க அய்யா கேட்டா ஒன்னயத்தாம்லே மவன்னு சொல்லுவாரு."

ஆட்டத்தில் மட்டும் அது கூடாது. சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் அண்ணாவி சலங்கை கட்டிவிட்டால், ஊர் திரும்பி அதே பீடத்தில் அவரே அவிழ்க்கும்வரை களத்தில் அவர் குரல்தான் குரல். வெளியூர் போனாலும் படுப்பது, எழுவது எல்லாம் சலங்கையோடுதான்.

டில்லியில் ராசாவுக்கு முடிசூட்டிய வருஷம், கார்த்திகைக் கடைசியில், பாளையங்கோட்டை மைதானத்துக்கு ஜில்லாவின் ஆட்டக்காரர்களையெல்லாம் வரச்சொல்லித் தாக்கீது வந்தது. வள்ளியூர்க் களியல், நாங்குநேரிக் கோலாட்டம், எல்லாம் ஒரே பந்தலுக்கு முன்னால். பந்தலுக்குள் துரைமாரும் துரைசானிகளும். முப்பிடாதி இரண்டு மாதம் உட்காராமல் பழக்கியிருந்தார்.

அன்று பூதத்தான்தான் வரிசையின் கடைசி ஆள். மச்சானுக்கு ஒட்டினாற்போல் நின்றான். ஆட்டம் தண்ணீராய் ஓடியது. வள்ளியூர்க்காரர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பாட்டின் நடுவே முப்பிடாதி மூச்சு வாங்கிய இடைவெளியில், உதட்டை அசைக்காமல் அந்த உருட்டை உருட்டிவிட்டான்.

"ஏ...ஹோய்!"

பதினோரு பேர் திரும்பினார்கள். மேளம் நேராகப் போனது. முப்பிடாதி அடுத்த அடியை எடுக்க, பாதிப் பேர் மறுபடி இந்தப் பக்கம் திரும்ப, நடுவில் ஆடிய முத்துமாலையின் முழங்கை பக்கத்து ஆளின் மூக்கில் இடிக்க, நாலு பேர் புழுதியில் கிடந்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு துரைசானி விசிறியால் வாயை மூடிக்கொண்டாள். பூதத்தான் ஆசைப்பட்ட சிரிப்புதான். அவன் முப்பிடாதியின் முகத்தைப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

திரும்பும் வழியில், பேட்டை தாண்டியதும் வண்டிக்குள் முத்துமாலை தொடங்கினான்.

"ஏன்வே அண்ணாவி, பந்தலப் பாத்ததும் புத்தி கலங்கிட்டோ? பாதிப் பாட்டுல எதுக்குவே திருப்புனீரு? 'உங்கூருல உருண்டுதான் ஆடுவியளா'ன்னு வள்ளியூர்க்காரன் கேக்கான்."

சலங்கை கட்டிய காலோடு வேறொருவன் அந்தக் குரலைப் போட்டிருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. முப்பிடாதி வண்டியை விட்டு இறங்கி நடந்தார். பூதத்தானும் இறங்கினான்.

"மாப்ளே, ஒங்கிட்ட மட்டும் கேக்கேன்" என்றார் அவர். "நான் கூப்பிட்டது எங் காதுலயே விழுந்திச்சு. ஆனா வாயத் தொறந்த நெனப்பே இல்ல. எங்க அய்யாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு. கடைசில பெத்த புள்ளயப் பாத்து நீ யாருன்னு கேட்டாரு. நீ பக்கத்துலதான நின்னே, நான்தான கூப்பிட்டேன்?"

இப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் வண்டிக்குள் இருக்கும் பதினோரு பேருக்கும் தெரிந்துவிடும்.

"ஆமா மச்சான்" என்றான் பூதத்தான்.

அதற்குப் பிறகு எட்டு வைக்கும்போதெல்லாம் சலங்கை அவனையே கேலி செய்வதுபோல் இருந்தது. வண்டியிலிருந்து வைக்கோலை உருவி மணிகளுக்கிடையே திணித்தான். பத்து எட்டில் உதிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை சுடலை பீடத்தின் முன்னால் ஊரே நின்றது. சேதி வண்டிக்கு முன்னாலேயே வந்திருந்தது. முப்பிடாதி சிங்கியைப் பீடத்தின் அடியில் வைத்தார். "இனிமே வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார். வடிவம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவர் குனிந்து ஒவ்வொரு காலாக அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்க்குமுன் வழக்கப்படி, "கொறை உண்டுமா?" என்று கேட்பார். ஆட்டத்தில் தப்பு செய்யாதவன் "கொறை இல்ல" என்று சொன்னால் முடிச்சு அவிழும்; செய்தவன் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பதினோரு பேர் சொன்னார்கள்.

பூதத்தானின் காலடியில் உட்கார்ந்து முடிச்சைப் பிடித்தார்.

"கொறை உண்டுமா?"

சொல்லப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைப் போட்டான்.

"ஏ...ஹோய்!"

கையில் சலங்கையோடு நின்றிருந்த பதினோரு பேரும் வலப்பக்கம் திரும்பினார்கள். திரும்பிய பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது.

"அடப் பாவி!" என்றான் முத்துமாலை.

முப்பிடாதி அண்ணாந்து பார்த்தார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல மச்சான். நான்தான்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. பிறகு முகம் மாறியது. "ரோட்டுல கேட்டேன்லா. ஆமான்னியே."

எழுந்தார். சிங்கியை எடுத்து வேட்டியில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பூதத்தானின் முடிச்சு முடிச்சாகவே கிடந்தது.

ஒன்பது நாள் சலங்கையோடு வயலுக்குப் போனான். "ஏட்டி, மாடு வருது, ஒதுங்கு" என்றார்கள் நடவுப் பெண்கள். வடிவம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் சோற்றை வைத்து, "மணிச்சத்தம் வந்திட்டு, சோறும் வந்திட்டு" என்றாள். மைதீன் பாய் வந்து காலைப் பார்த்தார். உண்மையான தாடியைத் தடவிக்கொண்டு, "இது வெலைக்கா பூதத்தான்?" என்றார். அவனுக்கு எந்தக் குரலும் வரவில்லை.

பத்தாம் நாள் முப்பிடாதி வரப்பில் நின்று, "மாப்ளே, வா" என்றார். பீடத்தில் வேறு யாரும் இல்லை.

"கொறை உண்டுமா?"

"உண்டும் மச்சான்."

அவிழ்த்தார். கணுக்காலில் தோல் உரிந்திருந்தது.

"தைக்கு ஆட்டம் இருக்கு" என்றார் சலங்கையைச் சுருட்டிக்கொண்டே. "நீ அந்தக் கோடியில நில்லு. எங்கிட்ட இருந்து தள்ளி."

வீட்டுக்கு நடந்தான். வடிவம்மாள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மணிச்சத்தம் இல்லாமல் அவன் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. வாசலில் நின்று மெல்ல ஒருமுறை இருமினான்.