உப்பு லாரியில் போன பெருநாள்

பெருநாள் சோற்றை ஒரே சகனில் கூடி உண்பது கீழக்கரையில் எங்கள் வழக்கம். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பெருநாளன்று அந்த அகன்ற தாம்பாளத்தைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம்: நான், மதுரைக் கல்லூரியில் என்னோடு படித்த கென்யா நண்பன், சயாம் நண்பன். விடுதியில் அவர்களைத் தனியே விட்டுவர மனமில்லாமல் அழைத்து வந்திருந்தேன். வாப்பா கொழும்பில் வியாபாரத்தில் இருந்தார். அந்நிய ஆண்கள் முன் வராத உம்மா, கதவுக்குப் பின்னால் நின்று, "அந்தப் புள்ளைக்கு இன்னும் எறால் வைப்பா" என்றார். நெய்ச்சோற்றின் மேல் நான் அள்ளி வைத்தேன்.

கென்யா நண்பன் கழுத்தைச் சொறிந்தான். நான் சிரித்தேன். மிளகாய்க் காரம் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் அவன் உதடு தடித்தது, கண்கள் இடுங்கின. மூச்சு விசில்போல் வந்தது. "எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. உன் அம்மா அன்போடு தந்தார், மறுக்க முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னான். என் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றுவிட்டது.

டாக்டர் பத்து மைல் தள்ளி இராமநாதபுரத்தில் இருந்தார். பெருநாளன்று பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நானும் சயாம் நண்பனும் அவனைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, உம்மா எங்களுக்கு முன்பே நடுச்சாலையில் நின்றிருந்தார். முக்காடு நழுவிக் கிடந்தது. வாலிநோக்கத்திலிருந்து உப்பேற்றி வந்த லாரி அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

டிரைவர் முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். திட்ட வாயெடுத்தவர் நண்பனின் முகத்தைப் பார்த்ததும், "ஏறுங்க தாயி, அழுகாதீக" என்றார். தோள் துண்டை எடுத்து, வேறு பக்கம் பார்த்தபடியே உம்மாவிடம் நீட்டினார். அதைத் தலையில் போட்டுக்கொண்டு உம்மாவும் ஏறினார்.

அந்தப் பத்து மைலை நான் மறந்ததில்லை. அவன் தலை என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு மூச்சும் கடைசி மூச்சாகவே பட்டது. கென்யாவில் இருக்கும் அவன் தாய்க்கு என்னவென்று தந்தி கொடுப்பேன்? சயாம் நண்பன் தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தான். உம்மா துஆ ஓதினார். நடுவில் ஓதுவதை நிறுத்தி, "ஏம் வாப்பா, மூச்சு வருதா? வருதா?" என்று பெற்ற மகனைக் கேட்பதுபோல அவனிடமே தமிழில் கேட்டார். அவன் அவர் விரல்களை இறுகப் பிடித்திருந்தான்.

டாக்டர் ஊசி போட்டுக் கால் மணி கழித்துத்தான் அந்த விசில் அடங்கியது. அவன் கண் திறந்து உம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அதன் பிறகுதான் உம்மா தன் விரல்களை விடுவித்துக்கொண்டார்.

இன்றும் பந்தியில் யாராவது செருமினால் என் கை நின்றுவிடும்.

மறுநாள், அவன் தாய்க்குக் கடிதம் எழுத வீட்டு முகவரியை வாங்கி வரச் சொன்னார் உம்மா.

"பயந்துபோவாங்க உம்மா, எழுத வேணாம்" என்றேன்.

"நானா இருந்தா எனக்குத் தெரியணும்" என்றார். "எறால் வச்சதையும் எழுது. மறைக்காதே. ஆனா அந்தப் புள்ள அங்கன தனியா கெடக்கல, ஒரு உம்மா கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடந்துச்சுன்னு முதல்ல எழுது."