ராஜினாமாவுக்கு முன் ஒரு கேள்வி

துபாயில், அன்றாட வேலைகளைத் தானே செய்யச் சிரமப்படுபவர்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருந்த எனக்கு, அபுதாபி கிளினிக் ஒன்றில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. மறுநாளே ராஜினாமா கொடுக்க நினைத்திருந்தேன். சட்டைப் பொத்தான் போடப் பழக மகளை என்னிடம் அழைத்துவரும் காயல்பட்டினத்து ஃபாத்திமா அக்காவிடம் அதைச் சந்தோஷமாகச் சொன்னேன்.

"வேலை பார்க்க நீங்க வாங்கின துபாய் லைசென்ஸ் அங்க செல்லுமாம்மா? எங்க தம்பி பொண்டாட்டி நர்ஸு. அபுதாபி லைசென்ஸ் வர்ற வரைக்கும் சம்பளமில்லாம ரூம்லயே உட்கார்ந்திருந்தா" என்றார் அக்கா.

அதை நான் யோசிக்கவே இல்லை. என் சம்பளத்தில்தான் ஊரில் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. உடனே அபுதாபிக்குப் போன் செய்தேன். "ஆமா மேடம், இங்க லைசென்ஸ் வந்தாதான் டூட்டி, சம்பளம் எல்லாம்" என்றார்கள். அபுதாபி லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, அதற்கான ஒப்புதல் வந்த பிறகே ராஜினாமா கொடுத்தேன். அப்பாவின் சிகிச்சை ஒருமுறைகூடத் தடைபடவில்லை.

இப்போது யார் வேலை மாறுவதாகச் சொன்னாலும், "லைசென்ஸ் கேட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். ஊருக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம் அக்காவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.