ரயிலடிக்குப் போன டோலி

யுத்தத்தினால் பெட்ரோல் அருகிப்போன காலம் அது. பள்ளிப்பட்டுச் சாலையில் ஓடிய பஸ், முதுகில் கரிவாயு அடுப்பைச் சுமந்துகொண்டு, மேடு வந்தால் பிரயாணிகளை இறக்கித் தள்ளச் சொல்லும். பி.ஏ. முடித்துத் திருத்தணிக்குத் திரும்பியிருந்த எனக்கு அந்தச் சாலையைப் பற்றி ஒரே கவலைதான். பிரசவம் சிக்கலான பெண்களை அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது? ரயிலில் ஏற்றிவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள். ரயிலடி வரைக்கும்தான் வழியில்லை. மாட்டு வண்டியின் குலுக்கலே சிலருக்கு எமனாகியிருந்தது.

அப்போது எங்கள் ஜில்லாத் தலைநகராயிருந்த சித்தூருக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருப்பதைவிட, ஊரில் ஏற்கெனவே இருப்பவற்றைச் சேர்த்துக் கட்டினால் என்ன என்று தோன்றியது. படியேற முடியாத பக்தர்களை மலைக்குத் தூக்கிச் செல்லும் டோலிகள் அடிவாரத்தில் இருந்தன; மூங்கிலில் தூளிபோல் தொங்குபவை. ஜட்கா என்னும் குதிரை வண்டிகள் இருந்தன, ஒரு நர்ஸம்மா இருந்தார், ரயிலும் இருந்தது. இவர்கள் ஒருவரோடொருவர் பேசியதில்லை, அவ்வளவே. டோலிகளுக்குப் பொறுப்பான கோயில் அதிகாரி, ஸ்டேஷன் மாஸ்டர் உட்பட எல்லாரையும் ரயிலடியின் பார்சல் அறையில் கூட்டினேன்.

கோயில் அதிகாரி எடுத்த எடுப்பிலேயே மறுத்தார். "பிரசவ வலிக்காரியத் தூக்கின டோலியில மறுநாள் பக்தர்கள ஏத்துவீங்களா? தீட்டு இல்லியா?"

டோலிக்காரர்களில் மூத்தவர் தலையைச் சொறிந்தார். "எஜமான், போன மாசம் உங்களத் தூக்கின தோளுங்க இது. பிள்ளைத்தாய்ச்சி எங்களுக்குப் பூமாலைங்க."

பருத்த உடம்பு குலுங்க அதிகாரியே சிரித்துவிட்டார். "சரிய்யா. ஆனா திரும்பினதும் குளத்துல முழுகணும், டோலிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தணும். அதுக்கு முன்னாடி படியில கால வெக்கக் கூடாது."

இந்த நிபந்தனையை ஏற்பது ஒரு மூடநம்பிக்கைக்கு நானே கையெழுத்துப் போடுவதாகாதா என்று யோசித்தேன். மறுத்தால் டோலி இல்லை. ஏற்றுக்கொண்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "வண்டிய நிறுத்தி வெக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனா பூக்கூடை ஏத்தறது என்னிக்காச்சும் கொஞ்சம் மெதுவா நடந்தா, யாரு கேக்கப் போறாங்க?"

மலைக்குக் காவடிகள் வரும் ஆடி மாதத்தில், ஒரு காலையில் ஒரு நெசவாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். சில மைல் தள்ளி அவர் ஊர். முதல் பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்த அவர் மனைவி மறுபடியும் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவோடு ஜட்கா பறந்தது. ஓட்டியவர் ரயிலடி ஜட்காக்காரர், ஊரார் பாய் என்றழைக்கும் முஸ்லிம். பின்னாலேயே டோலிக்காரர்களும் நானும் போய்ச் சேர்ந்தபோது, நர்ஸம்மா வாசலுக்கு வந்து சொன்னார்:

"குழந்த குறுக்க கெடக்கு. மத்தியான வண்டிய விட்டா ரெண்டு உசுரும் தங்காது."

டோலி கிளம்பியது. முதல் முயற்சியே தோற்றால் இனி யாரும் ஒரு மூங்கிலைக்கூடத் தரமாட்டார்கள் என்று ஓடிக்கொண்டே எண்ணினேன். துணிக்குள்ளிருந்து வந்த முனகல் அந்த எண்ணத்தையும் நிறுத்திவிட்டது.

அப்போதுதான் எங்களில் யாரும் எதிர்பாராதது நடந்தது. டோலி தூக்கிய நால்வரின் கால்களும் ஒரே தாளத்தில் விழ, மலையில் சொல்லிச் சொல்லிப் பழகிய "அரோகரா" அவர்கள் வாயிலிருந்து தானாகக் கிளம்பிவிட்டது. சாலையோரச் சிற்றூரின் பெண்கள் காவடி வருகிறதென்று குடத்தோடு ஓடிவந்தார்கள். தூக்கியவர்களின் கால்களில் மஞ்சள் நீரை ஊற்றி, வழியை மறித்து விழுந்து கும்பிட்டார்கள். விழுந்தவர்களைத் தாண்டிப் போவது எப்படி? அடுத்த ஊரில் கற்பூரமே ஏற்றிவிட்டார்கள்.

நெசவாளி டோலிக்காரர்களைப் பார்த்துக் கதறினார். "பாவா, வாய மூடிக்கினு தூக்குங்க!"

"வாய மூடினா காலு நடக்க மாட்டேங்குது நைனா!" என்றார் மூத்தவர், உண்மையாகவே தவித்து.

பாய் ஜட்காவை முன்னால் விரட்டினார். எழுந்து நின்றபடி கத்திக்கொண்டே போனார்.

"காவடி இல்லம்மா, பிள்ளைத்தாய்ச்சி! தண்ணிய கால்ல ஊத்தாதீங்க, குடிக்கக் குடுங்க! ஆம்பளைங்க வந்து தோள் குடுங்க!"

அதற்கடுத்த ஊரை நாங்கள் அடைந்தபோது, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் சாலையில் தயாராக நின்றிருந்தார்கள். டோலி தரையைத் தொடாமலே தோள் மாறியது. அந்த ஊர் எல்லையில் வேறு தோள்கள். அரோகரா இப்போது சாலை முழுவதும் கேட்டது. களைத்துப்போன டோலிக்காரர்கள் கைவீசிக்கொண்டு கூடவே ஓடினார்கள். நானும் கத்தினேன், கல்லூரியில் ஒரு தடவைகூட அப்படிக் கத்தியதில்லை.

ரயிலடியில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரே பூக்கூடையை ஏற்றுவதும், சரியாக இல்லையென்று இறக்குவதுமாக இருந்தார்கள். ரயில் கார்டு தம்முடைய பெட்டியின் கதவைத் திறந்துவிட்டார். கணவரும் நர்ஸம்மாவும் அவளோடு ஏற, வண்டி நகர்ந்தது.

பிறகு எங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. டோலிக்காரர்கள் குளத்துக்குப் போனார்கள். பாயும் நானும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தோம். நாங்கள் செய்ததெல்லாம் சரி; நேரம் தவறியிருந்தால்? பாய் குதிரையைப் பற்றிப் பேச முயன்று, பாதியில் விட்டுவிட்டார்.

சாயங்கால வண்டி நிற்பதற்கு முன்பே அதே கார்டு வெளியே சாய்ந்து கத்தினார்: "பொழச்சாங்க! ரெண்டு உசுரும்! பொண்ணு!"

பாய் என்னைக் கட்டிக்கொண்ட வேகத்தில் என் கண்ணாடி கழன்று விழுந்தது. சேதி சொல்ல உடனே ஜட்காவைப் பூட்டினோம். எந்த ஊரிலும் நாங்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே ஆரவாரம் எழுந்தது. காலையில் முதலில் வழிமறித்து விழுந்த பெண்மணி மட்டும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்.

"எங்க பொண்ணு எப்ப வருவா? வர்றப்பவும் இந்தப் பக்கமாத்தான தூக்கிக்கினு வருவீங்க?"

"ஆங், இப்படித்தாம்மா வருவோம்" என்றார் பாய், என்னைக் கேட்காமலே.