பீடித்தட்டில் போன அகராதி

எங்கள் வீட்டில் அகராதி கிடையாது. அதனால்தான் நாங்களே ஒன்று எழுதும்படி ஆகிவிட்டது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. தமிழ் டீச்சர் இருபது சொற்களைக் கொடுத்துப் பொருள் எழுதி வரச் சொல்லியிருந்தார். முக்கூடலில் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள். அம்மாவும் சித்தியும் பெரியம்மாவும் எங்கள் வீட்டு முன்னறையில் மடியில் இலையும் தூளும் வைத்த சுளகோடு உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் வருஷங்கள் அவை. சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். டிவியில் நாடகம் ஓடாததால் மூன்று பேருக்கும் வாய் சும்மா இருந்தது. ‘தொண்டு’ என்றால் என்னம்மா என்று கேட்டேன்.

“நாலு பேருக்குச் சேலையக் குடுத்துட்டு நாப்பது போட்டோ எடுத்துக்கிடுதது” என்றாள் அம்மா, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதை அப்படியே நல்ல தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வாசித்துவிட்டு வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு, சிவப்பு மையில் வட்டம் போட்டார். எனக்குக் கோபமான கோபம். சரியான பொருளைச் சொன்னால் வட்டமா? ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில் அம்மா சொல்வதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன்.

சித்தியும் பெரியம்மாவும் சும்மா இருப்பார்களா? கோவில் விவகாரம் முழுக்கப் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். அன்னதானம்: நம்மிடம் அரிசி வாங்கி நமக்கே சோறு போட்டுவிட்டு, மைக்கில் வேறொருவர் பெயரைச் சொல்வது. சிறப்பு தரிசனம்: சாமிக்கு வேண்டியவர்கள் என்று சாமிக்கே தெரியாதவர்கள் நிற்கும் வரிசை. சித்திக்கு அரசியல். திறப்பு விழா என்றால், நாம் நடந்துகொண்டிருக்கும் பாலத்தில் நம்மை நடக்கவிடாமல் நிறுத்திவைத்து ரிப்பன் வெட்டுவது என்றாள். மின்மிகை மாநிலம் என்பது மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசிக்க வேண்டிய செய்தி. அம்மா சொந்தபந்தங்களைக் கவனித்துக்கொண்டாள். மரியாதை: சம்பந்தி வீட்டாருக்கு முதல் பந்தியில் இடம் கிடைக்காதபோது மட்டும் ஞாபகத்துக்கு வருவது. அவர்கள் சிரித்த சிரிப்பில் சுளகிலிருந்த தூள் சிந்தும்.

ஒருநாள் பெரியம்மாவே ஒரு சொல்லையும் எடுத்துக் கொடுத்தாள். “எழுதிக்கோட்டி. கழிவு. பீடியில ஒரு கொறையும் இல்ல, செக்கர் வீட்டுல காலையில இட்லி வேகல.”

செக்கர் என்பவர் தெருக்கோடிப் பீடிக்கடையில் எங்கள் பீடியைப் பார்த்து வாங்குகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கட்டையும் அமுக்கிப் பார்த்து, பிடிக்காத பீடியை உருவித் தன் பக்கத்துப் பெட்டியில் போடுவார். அதுதான் கழிவு. கழித்தது திரும்பி வராது, அதற்குக் கூலியும் இல்லை. கழிவு அதிகமானால் இலை தருவதையே நிறுத்திவிடுவார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு முந்தின மாதம் அப்படித்தான் நின்றது. அப்பா திருப்பூருக்குப் போய் எங்களை மறந்திருந்த காலம். இலை நின்றால் எங்களுக்குச் சோறு இல்லை.

மூன்று வீட்டுப் பீடியையும் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தட்டில் பேப்பர் விரித்து அதன்மேல் கட்டுகளை அடுக்குவோம். அன்றைக்கென்று பழைய பேப்பர் அகப்படவில்லை. நேரமாகிவிட்டதே என்று நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து விரித்தேன். பீடிக்கு அடியில் கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

செக்கர் பார்த்தார். அமுக்கிப் பார்க்குமுன் கட்டுகளை எடுத்து அருகில் அடுக்கியதும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். தாளைக் கையில் எடுத்து முதலிலிருந்து வாசித்தார். திறப்பு விழாவில் மூக்கால் லேசாகச் சிரித்தது போலிருந்தது. பிறகு ‘கழிவு’க்கு வந்தார். யார் எழுதியது என்று கேட்டார். கையெழுத்து என்னுடையது, நான்தான் மாமா என்றேன்.

“எங்க வீட்டுல இட்லி கெடையாதுட்டி. தோசைதான்” என்றார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று ஒரு பீடியைக்கூட உருவவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். “சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி” என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பெரியம்மா, தான் விளையாட்டுக்குத்தான் சொன்னதாகத் தன்பாட்டில் புலம்பினாள். பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்ன பாடம் என்று சொல்லிவிடலாம் என்றாள் சித்தி. அன்று சாயங்காலம் கரண்ட் போன பிறகு மூன்று பேரும் ஒவ்வொரு பீடியையும் இரண்டு தரம் தடவிப் பார்த்துக் கட்டினார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய பேப்பரை விரித்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வரும்படி அம்மா அனுப்பினாள். நான் கேட்பதற்குள் அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றும் கழிவு இல்லை. தாளின் அடியில் சிவப்பு மையில் அவரும் ஒன்று எழுதியிருந்தார்.

‘செக்கர்: தினமும் வீட்டுக்கு இத்தனை கழித்தாக வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லி உட்காரவைத்திருக்கும் ஆள். கழிக்காவிட்டால் அவரைக் கழிப்பார்கள்.’

வழியிலேயே இரண்டு தரம் வாசித்தேன். சிரிப்பு வரவில்லை. மனிதருக்கு எழுதத் தெரியவில்லை என்று முடிவுகட்டினேன். வீட்டில் உரக்க வாசித்தேன்; அங்கேயும் யாரும் சிரிக்கவில்லை. அம்மா தாளை வாங்கித் தானே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். இன்றும் ஒன்றும் எடுக்கவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன், பெருமையாக.

பிறகு வந்த நாட்களிலும் எங்கள் மூன்று வீட்டுப் பீடியில் கழிவே இல்லை. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. என் அகராதிக்குப் பயந்து செக்கர் அடங்கிவிட்டார் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். அம்மாதான் வினோதமாக நடந்துகொண்டாள். கணக்குக்கு மேலே தனியாக ஒரு கட்டுச் சுற்றுவாள். அதில் ஒன்று கோணல், ஒன்று ஓட்டை இலை, ஒன்றில் தூளே இருக்காது. இருபது வருஷமாகச் சுற்றுகிற கை! சித்தியும் பெரியம்மாவும் அதேபோல ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுத்தார்கள்.

“இத மட்டும் அவரு கையில தனியாக் குடு. கழிச்சதா வச்சுக்கிடச் சொல்லு” என்றாள் அம்மா.

எனக்கு மானம் போயிற்று. ஊரே மெச்சும்படி ஒரு ஆளை அடக்கி வைத்திருக்கிறேன். இவர்கள் மட்டமான பீடியைச் சுற்றி நீட்டச் சொல்கிறார்களே! நம் பக்கம் குறை இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டால் அவருக்குப் பயம் விட்டுப் போகாதா? கடைக்குப் போகும் வழியில் வாய்க்கால் இருக்கிறது. அந்த மூன்று கட்டையும் தினமும் அதில் போட்டுவிட்டு, நல்ல பீடியோடு மட்டும் தலை நிமிர்ந்து கடைக்குள் போனேன். அவர் ஒன்றையும் உருவாமல் வாங்கிக்கொள்வார். ஒருநாள் மட்டும், இன்று என்ன எழுதினீர்கள் என்று கேட்டார்.

இரண்டு வாரம் இருக்கும். ஒரு காலையில் அவர் இடத்தில் மீசை வைத்த ஓர் இளவட்டம் உட்கார்ந்திருந்தான். வந்த வேகத்தில் கைநிறைய உருவினான். பழைய மாமா எங்கே என்று கேட்டதற்கு, அவரை நிறுத்தியாச்சு என்றான்.

ஓடிவந்து சொன்னேன். மூன்று பேரின் கையும் அப்படியே நின்றது. அம்மா என்னை அருகில் கூப்பிட்டு, கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“அந்தக் கட்ட தெனமும் அவருகிட்ட குடுத்தியாட்டி?”

“குடுத்தேனே” என்றேன்.

பொய்தான். ஆனால் அந்தக் கட்டுகளை வாய்க்காலில் போட்டு அம்மாவின் கைத்தொழிலுக்கு ஒரு குறைச்சொல் வராமல் காப்பாற்றியவள் சொன்ன பொய் அல்லவா? அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.