கடலில் விழுந்த நானூற்றுப் பதின்மூன்று புள்ளிகள்

அப்பா கிளிஃபோர்ட் தாக்ஸ்டர் மார்ச்சில் இறந்தார். தபால் வண்டி ஓட்டியவர். ஓய்வு நாட்களில் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடலோர வயல்களில் உலோகம் கண்டறியும் கருவியோடு முப்பது வருடம் நடந்தவர்.

விட்டுப்போனது நானூற்றுப் பதின்மூன்று சிறு பைகள். ரோமானிய நாணயம், பெல்ட் கொக்கி, உழவில் மேலே வந்த பானை ஓடு. ஒவ்வொரு பையிலும் தேதி, ஆழம், கிடைத்த இடத்தின் வரைபட எண்.

ஒவ்வொரு வருடமும் தொல்பொருள் பதிவு அலுவலர் பிலிப்பாவிடம் "அடுத்த வருஷம் தர்றேன்" என்றே சொல்லிவந்தார். ஆஸ்பத்திரியில்தான் மனம் மாறினார். "எல்லாத்தையும் குடுத்துடு, ஹேசல். பதிவேட்டுல என் பேரு வரணும்."

நான் நில அளவையாளர். எண்களை வரைபடத்தில் போட்டேன். அத்தனையும் கடலில் விழுந்தன.

பிலிப்பா கண்ணாடியைக் கழற்றினார். "இடம் தெரியாட்டி இதெல்லாம் வெறும் பழைய தகரம். ஒண்ணைக்கூடப் பதிய முடியாது."

அனுமதி கொடுத்த பண்ணைக்காரரைக் கேட்டேன். பண்ணை எண்ணூறு ஏக்கர். அப்பா எப்போதும் வேலிக்குப் பின்னால் குனிந்தபடியே போவாராம்.

காரணம் மெர்வின் காட்ஸ். அப்பாவைப் போலவே கருவியோடு வயலில் தேடும் சங்கத்துக்காரர், நாற்பது வருட நண்பர், பரம எதிரி. அடக்கத்துக்குப் பிந்தைய தேநீரில் நாலாவது சாசேஜ் ரோலை மென்றபடி சொன்னார்: "எனக்கும் இதே வேலையத்தான் பண்ணான் உங்கப்பன். அவன் சொன்ன எடத்துக்குப் போயி இடுப்பளவு சேத்துல நின்னேன், கண்ணு. ஒரு பூட்ஸ் இன்னும் அங்கதான் கெடக்கு. நெசமான எடம் தெரிஞ்சா எனக்கு மட்டும் சொல்லு."

எல்லா எண்ணையும் ஒரே அளவு தள்ளி எழுதியிருக்கிறார் என்று ஊகித்தேன். எவ்வளவு தள்ளினார் என்று தெரிய, நிஜ இடம் தெரிந்த ஒரு பொருளாவது வேண்டும்.

கடைசிப் பையில் என் பல் கம்பி இருந்தது.

பன்னிரண்டு வயதில் தொலைத்தது. சாண்ட்விச் தின்பதற்காகக் கழற்றி, பீட்ரூட் வயலோரம் நில அளவைத் தூண்மேல் வைத்தேன்; காற்று தள்ளிவிட்டது. அம்மா ஒரு மாதம் திட்டினாள். அப்பா அதைத் தோண்டியெடுத்து, எண் போட்டு, வாயே திறக்கவில்லை. திறந்தால் எங்கே கிடைத்தது என்று அம்மா கேட்பாள். மறுநாள் மெர்வினின் மனைவிக்குத் தெரிந்துவிடும். பைமேல் எழுதியிருந்தார்: 'எஃகு. ஆழம் ஆறு அங்குலம். உரிமையாளர் தெரியும்.' அதற்கும் பொய்யான எண்தான்.

அந்தத் தூணின் துல்லியமான எண் என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. கழித்தேன். வடக்கே இரண்டாயிரம் மீட்டர், கிழக்கே எழுநூறு. மற்றப் புள்ளிகளையும் அதே அளவு பின்னுக்கு இழுத்தேன். தூணுக்குக் கீழே மேட்டு நிலத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பிலிப்பாவும் நானும் அங்கே நடந்தோம். அரை மணியில் அதே வகைப் பானை ஓடு ஒன்பது பொறுக்கினோம்.

பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு முறை அப்பாவின் பெயர் ஏறியது. சரியான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டமாட்டார்களாம். முதலிலேயே கேட்டிருக்கலாம், அப்பா.

மெர்வின் இடம் கேட்டுப் போன் செய்தார். ஒரு பைமேல் அப்பா எழுதியிருந்த எண்ணை அப்படியே வாசித்தேன்.

வரைபடத்தை விரிக்கும் சரசரப்பு. "அது கடலாச்சே, கண்ணு."

"அப்பா அப்படித்தான் எழுதியிருக்கார், மாமா."

"அவன் பொண்ணேதான்," என்றார். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

பல் கம்பியைப் பிலிப்பா திருப்பித் தந்தார். பதிவதற்கு அதன் வயது போதாதாம். கழுவிப் போட்டுப் பார்த்தேன். கீழ்வரிசைக்கு இன்னும் பொருந்துகிறது.