ஊசி போட்ட கையோடு

சேலத்தில் அந்த ஜவுளிக்கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொழுந்தனார் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போயிருந்தோம். மகளுக்கு அப்போது மூன்று மாதம். பசியில் வீறிட்டாள். சேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, "இங்க உக்காந்து குடுங்கக்கா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். பாவம், அப்படி நம்பிவிட்டாள். பிள்ளை வாய் வைத்த மறுநிமிடம் சூப்பர்வைசர் வந்து நின்றான்.

"ஏனுங்க, நாலு குடும்பம் வந்து போற கடைங்க இது. பாத்ரூம் பக்கத்துல எடம் இருக்குது, அங்க போங்க."

"பாத்ரூம்ல உக்காந்து நீங்க சோறு திம்பீங்களா?"

இடுப்பு தெரியச் சேலை கட்டிய பொம்மைகளை வாசலில் வரிசையாக நிறுத்தியிருக்கிறான். அதையெல்லாம் நாலு குடும்பம் பார்க்கலாமாம். என்மேல் காட்ட முடியாத கோபத்தை அந்தப் பெண்மேல் காட்டினான். "யாரக் கேட்டு ஸ்டூலப் போட்ட? இந்த வாரத்தோட நின்னுக்க." அவள் முகம் செத்துப்போனது. எங்கள் ஊர் சங்ககிரி வந்து இறங்கும்வரை புலம்பிக்கொண்டே வந்தேன். ஒரு ஸ்டூல் போட்டதற்கு ஒருத்தியின் பிழைப்புப் போவதா?

எங்கள் ஊரில் குழந்தைகளுக்குப் புதன்கிழமை ஊசி. அந்தப் புதன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் வேறு பேச்சே பேசவில்லை. கேட்டவர்கள் எல்லோரிடமும் இதே மாதிரி ஒரு கதை இருந்தது. ஒருத்தியைக் கல்யாண மண்டபத்தில் சிலிண்டர் ரூமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "வாங்கடி, இப்பவே போலாம்" என்று முதலில் எழுந்தது பாய் வீட்டு அக்கா. ஊசி போட்ட கையோடு ஏழெட்டுப் பேர் சேலம் பஸ் ஏறினோம். ஊசி போட்ட பிள்ளைக்கு உடம்பு சுடும், மார்பை விட்டு வாயை எடுக்காது.

கடையில் பட்டுச்சேலைப் பக்கம் வெள்ளை மெத்தை விரித்திருப்பார்கள். அதில் உட்கார்ந்தவரை எழுந்திரு என்று எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். வரிசையாக உட்கார்ந்து, "பட்டு காட்டுங்க" என்றோம். பிள்ளைகளை மடியில் போட்டோம். மூடினவள் மூடினாள், மூடாதவள் மூடவில்லை. விற்கிற ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் கும்பிட்ட கையோடு முதலாளியே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. மாடியில தனி ரூமே போட்டுத் தர்றேனுங்க."

"ரூம் இருக்கட்டுங்க. ஸ்டூல் போட்ட பொண்ண நிறுத்தக் கூடாது."

"அது வேற விஷயமுங்க. எங்க கடை ஆளு."

அவள் சேலை அடுக்கின் ஓரமாக, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். கட்டிய கையையும் மீறி யூனிஃபார்ம் சேலை நனைந்திருந்தது. இத்தனை பிள்ளைகள் அழுதால் பால் கொடுக்கிறவளுக்கு வேறென்ன ஆகும்!

"உனக்கும் கைப்பிள்ளையா?" என்று கேட்டேன்.

"பையனுங்கக்கா. ஊட்டுல புட்டிப்பால் குடிக்கிறான். சொன்னா வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு சொல்லல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தோளில் கிடந்த மகளும் சேர்ந்து கத்தினாள். அந்தப் பெண் வந்து பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினாள். "அழுவாத சாமி" என்றபடி, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உட்காராத அந்த மெத்தையில் எங்கள் நடுவே உட்கார்ந்து, என் மகளுக்குப் பால் கொடுத்தாள்.

"ஏம்மா, எந்திரி" என்றார் முதலாளி.

"கொழந்தை குடிக்குதுங்க" என்றாள் நிமிராமல்.

அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கடை முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. "சரி, வேலையில இருக்கட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டதாக நினைத்து, சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினோம்.

போன மாதம் மறுபடி போனேன். மாடியில் ரூம் இருக்கிறது. மெத்தை வைத்த நாற்காலி, திரைச்சீலை, சுவரில் குழந்தைக் கிருஷ்ணன் படம். கதவில் 'வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று போர்டு. அவள் கீழே கவுண்டரில் நின்றுகொண்டிருந்தாள். அந்த போர்டைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தேன்.

"விடுங்கக்கா" என்றாள், ஒரு சேலையை உதறி என் முன்னால் விரித்தபடி. "எனக்குப் பால் வத்திருச்சு."