கோட்டின் மேல் நின்ற ராஜா

ஒரு தெர்மாஸ் குடுவை: போட்டிக்கு வந்த ஒரே பெண் என்று வாசலிலேயே சிரித்தவர்களை வரிசையாகத் தோற்கடித்து ஜெயித்தது. ஒரு மடக்குக் குடை: காய்ச்சலோடு போய், நடுவில் எழுந்து வாந்தி எடுத்துவிட்டு வந்து ஜெயித்தது. ஒரு மேஜை விளக்கு: "உனக்காக என் ராணி இல்லாம ஆடுறேன்" என்று சொன்ன கணக்கு வாத்தியாருக்கு எதிரே, தன் ராணியையும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஜெயித்தது. தங்கை சதுரங்கத்தில் வாங்கிய இந்தப் பரிசுகளை அண்ணன் ஞாயிறுதோறும் துடைத்து, இடம் மாறாமல் அலமாரியில் அடுக்குவார். தங்கை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சதுரங்கப் பலகைக்கு அந்தப் பக்கம், கறுப்புக் காய்களுக்குப் பின்னால், இடது கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கண்ணை இடுக்குவது அவள் பழக்கம் அல்ல. அது ஊரில் கடிகாரம் பழுது பார்த்த ஒருவருடையது. ஆயுள் முழுவதும் வலது கண்ணில் லென்ஸை மாட்டி, இடது கண்ணை மூடியே வேலை செய்ததில் அவர் முகமே அப்படி ஆகிவிட்டிருந்தது. சதுரங்கச் சங்கத்தில் அவரை அசைக்க ஆள் இல்லை. இந்த வருடப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தங்கை அவரை அடித்தாள். அதுவும் எப்படி! தன் யானையைத் தூக்கி அவர் ராஜாவின் வாசலில் எறிந்து, வெட்டவைத்து, திறந்த வழியில் ராணியை இறக்கினாள். கடிகாரக்காரர் கைகொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

அண்ணன் தரைக்கு டைல்ஸ் போடுகிறவர். எட்டாவதோடு நின்ற படிப்பு. குதிரை எப்படித் தாண்டும் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் தங்கை ஜெயித்த கதையை, வேலை செய்யும் வீடுகளில் சிமென்ட் குழைத்தபடியே சொல்லிவிடுவார். "யானையையே தூக்கிக் குடுத்துட்டா சார். யாருக்கு வரும் அந்த நெஞ்சு?"

தங்கைக்குத்தான் அந்த வெற்றி தொண்டையில் இறங்கவில்லை. அவள் பேருந்து நிலையத்தில், பயணிகள் தொலைத்துவிட்டுப் போகும் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்க்கிறாள். பை என்னுடையது என்று யார் வந்தாலும், "சரிங்க, உள்ள என்ன இருக்கு சொல்லுங்க" என்பாள். சொல்ல முடியாதவருக்குப் பை கிடையாது. தன் விஷயத்திலும் அவளுக்கு அதே சட்டம்தான்.

அந்த இறுதி ஆட்டத்தில் அவள் செக் வைத்ததும் கடிகாரக்காரருக்கு இரண்டு வழி இருந்தது. ராஜாவை மூலைக் கட்டத்துக்கு நகர்த்தலாம். இல்லையென்றால் அதற்கு அடுத்த கட்டத்துக்கு. அவர் கை முதலில் அடுத்த கட்டத்தின் மேல்தான் போய் நின்றது. ராஜா பலகையைத் தொடவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு மூலையில் வைத்தார். மூலையில் ராஜா செத்தது. அடுத்த கட்டத்தில் வைத்திருந்தால்? எத்தனை விதமாகச் செக் கொடுத்துப் பார்த்தாலும் அங்கிருந்து ராஜா தன் ஆட்களுக்குள் ஓடித் தப்பிவிடுகிறது.

"அவர் தெரிஞ்சேதான் விட்டுக்குடுத்தாராண்ணே?"

"ஜெயிச்சா ஜெயிச்சதுதாம்மா. இதுல என்ன ஆராய்ச்சி?"

"அவரைக் கேக்கவும் முடியாது."

அதற்காகத்தான் அந்த ஆட்டத்தை வீட்டுப் பலகையில் அப்படியே அடுக்கி, அவர் பக்கம் உட்கார ஆரம்பித்தாள். அவர் என்ன நினைத்தார் என்று அவர் இடத்திலிருந்தே பார்க்க வேண்டுமாம். முதலில் கண் இடுங்கியது. பிறகு குரல் தாழ்ந்தது. "அப்படியா சேதி" என்பது கடிகாரக்காரரின் பேச்சு. அதுவும் அவள் வாயில் ஏறியது. ஒரு மாலை அண்ணி டீ கொண்டுவந்து வைத்தபோது, தங்கை தலை நிமிராமல், எதிரே காலியாக இருந்த தன் நாற்காலியைக் காட்டிக் கேட்டாள்:

"எதிர்ல உக்காந்திருக்கற பொண்ணுக்கு?"

அண்ணி காலி நாற்காலியைப் பார்த்தபடியே பின்வாங்கினாள். அடுக்களைக்குள் போய் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தங்கச்சிய மந்திரிக்கிற ஆளுகிட்டக் காட்டுங்க, இல்ல அந்தப் பலகைய அடுப்புல வைங்க. ரெண்டுல ஒண்ணு நடக்கணும்."

இதற்கிடையே சங்கச் செயலாளர் வேறு. இறுதி ஆட்டத் தாளை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். எழுதியிருந்த நகர்த்தல்களுக்குக் கீழே தோற்றவர் கையெழுத்து இருந்தது. ஜெயித்தவர் இடம் காலி.

"ஏம்மா, தோத்த மனுசன் போட்டுட்டுப் போய்ச் சேந்துட்டார். ஜெயிச்ச நீ போடலன்னா எப்படி? மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா ஆட்டமே நடக்கலன்னு ஆயிடும். நீ எப்பவும் இழுப்பியே, ஒரு எழுத்தும் ஒரு கோடும், அந்தப் புழுவைப் போட்டுவிடு போதும்."

"என்னுதுன்னு தெரிஞ்சா போடுறேன் சார்."

"வேற யாருதும்மா?"

அவள் மறுபடி பலகை மேல் குனிந்தாள். செயலாளர் தாளை மேஜையில் வைத்துவிட்டு, இடுங்கிய அந்தக் கண்ணை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, செருப்பை அரைகுறையாக மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பலகையில் கறுப்பு ராஜா இப்போது எந்தக் கட்டத்திலும் இல்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே, கோட்டின் மேல் நின்றது. அவர் மனசு எங்கே என்று தெரியாமல் எங்கே வைப்பது என்பது தங்கையின் கணக்கு. அண்ணனுக்கோ அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. ஒரு டைல் மயிரிழை விலகினாலும் பெயர்த்துவிட்டு மறுபடி போடுகிற ஆள் அவர். மாசக் கடைசி ஞாயிறு, தங்கை குளிக்கப் போயிருந்தபோது, துடைக்கிற துணியோடு பலகை முன் நின்றார். ராஜா மூலைக் கட்டத்துப் பக்கம் சற்று அதிகமாக இருந்தது போலப் பட்டது. சரி, முழுசாக அங்கேயே இருக்கட்டும் என்று சுண்டு விரலால் மூலைப் பக்கம் தள்ளினார்.

ராஜா எதிர்ப்பக்கம் நகர்ந்து, அடுத்த கட்டத்தின் நட்டநடுவில் நின்றது.

விரலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், மூடியிருந்தது. வேலைப் பையிலிருந்து, தளம் சாய்வா என்று பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. நாலு பக்கமும் திருப்பி வைத்தார். குமிழி நடுவிலேயே நின்றது.

தங்கை ஈரத் தலையோடு வந்தாள்.

"யாருண்ணே தொட்டது?"

"நான்தாம்மா. ஆனா மூலைக்குத்தான் தள்ளினேன். சத்தியமா மூலைக்குத்தான்."

திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கறுப்புப் பக்கத்து நாற்காலியை நிதானமாகப் பார்த்தாள். அதில் உட்காரவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, இத்தனை நாளும் காலியாகக் கிடந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கண் திறந்திருந்தது.

"நீ இல்லண்ணே. அவர் வச்சுட்டார். இப்ப என் முறை."

வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. தலைமுடியிலிருந்து சொட்டிய நீரைக்கூட அவள் துடைக்கவில்லை. அண்ணன் துணியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். கடைசியில் அவள் மந்திரியை எடுத்து, சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத இடது விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். செக் இல்லை. எதையும் வெட்டவும் இல்லை.

"அவ்வளவுதானா?"

"செக்கு செக்குன்னு துரத்தினேன், அவரும் ஓடிட்டே இருந்தார். ஓடுற வாசலை அடைக்கணும்னு தோணல. இங்கேருந்து பாரு."

அண்ணன் குனிந்து ஒரு கண்ணால் பார்த்தார். நூல் கட்டியது போல, மந்திரி நின்ற மூலைவாக்கு வரிசை நேராக ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் போய் முடிந்தது. தப்பிப் போக இருந்தது அந்த ஒரு கட்டம்தான்.

"மூலையில வச்சாலும் இங்க வச்சாலும் முடிஞ்சது. அவர் குடுக்கலண்ணே. நான்தான் எடுத்தேன்."

இருவரும் எதிர் நாற்காலியைப் பார்த்துக் காத்திருந்தார்கள். நாற்காலியின் பிரம்பு, உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் எழும் சத்தத்தோடு ஒருமுறை முனகி அடங்கியது.

அடுக்களையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "யாரு இப்ப படி எறங்கிப் போறது?"

தங்கை ஆட்டத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தாள். கடிகாரக்காரரின் பெயருக்குப் பக்கத்தில், தன் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை முழுதாக எழுதினாள். அப்படி அவள் கையெழுத்துப் போட்டு அண்ணன் பார்த்ததே இல்லை. மை காய ஊதிவிட்டு, கீழே தேதியைப் போட்டாள்: செப்டம்பர் 29.